ஸ்டெபிலைசர் ராடைக் கழற்றலாமா?

பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகில் 'திருப்புத்திறன்' நடத்தும்போது கதவின் கைப்பிடி, ஸ்பேனர், சீசா பலகை என்று மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போய்விடுவது நம்மில் பலருடைய வழக்கம். சென்ற ஆண்டு செய்யாறில் என் வகுப்பில் அந்தப் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து கேட்ட கேள்வி, இரண்டு வாரத்துக்கு எங்கள் எல்லோரையும் வேலை வாங்கியது. "சார், எங்க அப்பா வண்டியில ஸ்டெபிலைசர் ராடைக் கழட்டிட்டாங்க. மலை ரோட்டுல இப்ப நல்லா ஏறுதாம். அப்ப கம்பெனிக்காரன் அதை எதுக்கு வெச்சான்?"

அவன் அப்பா பிக்கப் வண்டி ஓட்டுகிறார். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, அங்கிருந்து உள்ளே மண்பாதையில் போய், சாமையும் புளியும் பலாவும் ஏற்றிவருவது அவர் தொழில். செய்யாற்று நீர் புறப்பட்டு வருவதும் அதே ஜவ்வாது மலையிலிருந்துதான். மலையில் கல்லும் பள்ளமுமான பாதை, கீழே ஆரணி வழியாகத் தார்ச்சாலை. ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டும். மாணவனின் கேள்விக்குள் இந்த இரண்டு பாதைகளும் இருந்தன என்பதால்தான் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்தக் கம்பியைப் பார்த்துவிடுவோம். ஆன்டி ரோல் பார், ஸ்வே பார் என்றெல்லாம் பெயர் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் ராடு. 'ப' எழுத்தைப் படுக்கவைத்ததுபோல் வளைத்த எஃகுக் கம்பி, அவ்வளவுதான். அதன் நடுப்பகுதி வண்டியின் குறுக்கே ஓடும். இரண்டு ரப்பர் புஷ்கள் அதைச் சேசிஸோடு பிடித்துக்கொள்ளும். ஆனால் இறுக்கிப் பிடிக்காது. புஷ்ஷுக்குள் கம்பி சுழலலாம். இரு முனைகளும் லிங்க் எனும் சிறு இணைப்புகள் வழியாக இடச் சக்கரத்தோடும் வலச் சக்கரத்தோடும் சேர்ந்திருக்கும். சில லாரிகளில் இதையே தலைகீழாக வைத்திருப்பார்கள்: கம்பி அச்சில் இருக்கும், லிங்க் சேசிஸுக்குப் போகும். வேலை ஒன்றுதான்.

வேகத்தடை மீது ஏறும்போது இரு முன் சக்கரங்களும் சேர்ந்து மேலே போகின்றன. கம்பி புஷ்ஷுக்குள் உருண்டு கொடுக்கிறது. எதிர்ப்பு ஏதும் இல்லை. ஆனால் ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போக வேண்டியிருந்தால் கம்பி முறுக்கிக்கொள்ள வேண்டும். எஃகு அதற்கு எளிதில் சம்மதிக்காது. பட்டு நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதை விளக்க ஒரு நிமிடம் போதும். முறுக்கேற்றிய பாவு நூலைத் தளர்த்திப் பிடித்தால் அது தானாகச் சுருண்டு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும் அல்லவா? எஃகுக் கம்பி செய்வதும் அதுவே, விசை மட்டும் பல மடங்கு.

இந்த யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கனடாவின் ஃபிரெடரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919 ஏப்ரல் 22 அன்று இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் வெகுகாலம் பல வண்டிகள் இது இல்லாமலே ஓடின. 1940களின் இறுதியிலிருந்து நம் நாட்டில் மஹிந்திரா பூட்டிய பழைய வில்லிஸ் ஜீப்பில் இந்தக் கம்பி கிடையாது. "அந்த ஜீப் ஓடவில்லையா?" என்று பட்டறையில் கேட்பவர்களுக்கு இதுதான் ஆதாரம். ஓடியது. அதன் கமான் பட்டைகள் விறைப்பானவை. சாய்வதற்கு அவையே இடம் தராது. பயணிகளின் முதுகெலும்புதான் அதற்கு விலை கொடுத்தது. பிற்பாடு சொகுசுக்காக மென்மையான காயில் ஸ்பிரிங் வந்தது. மென்மையான ஸ்பிரிங் வளைவில் அதிகம் சாயும். அந்தச் சாய்வை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்த ராடு தேவைப்பட்டது. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த புதிய தார் ஜீப்பில் முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஸ்டெபிலைசர். ஒன்று வந்ததால் மற்றது வந்தது.

மலையில் ஏன் நன்றாக இருக்கிறது?

இதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஓட்டுநர் சொல்வது கற்பனை இல்லை. வலது முன் சக்கரம் ஒரு பாறை மீது ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடது சக்கரம் கீழே பள்ளத்தில் இறங்கி மண்ணைத் தொட வேண்டும். ராடு இருந்தால் வலது சக்கரம் மேலே போகும்போது இடது சக்கரத்தையும் மேலே இழுக்கப் பார்க்கும். இடது சக்கரத்தின் மீதுள்ள எடை குறையும். சில நேரம் அது அந்தரத்திலேயே தொங்கும்.

தொங்கினால் என்ன ஆகும் என்பது டிஃபரன்ஷியலைப் பொறுத்தது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு திருப்புவிசையைத்தான் கொடுக்கும். அந்தரத்தில் சுற்றும் சக்கரம் ஏற்பது ஏறக்குறையப் பூச்சியம். எனவே தரையில் நிற்கும் சக்கரத்துக்குக் கிடைப்பதும் ஏறக்குறையப் பூச்சியம். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல, வண்டி அசையாமல் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ராடைக் கழற்றினால் சக்கரம் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும், மண்ணைத் தொடும், வண்டி நகரும். ஒரு பக்கப் பள்ளத்தில் விழும்போது உடம்பு இடமும் வலமும் வெட்டி ஆடுவதும் குறையும். ஏனென்றால் ஒரு சக்கரத்தின் அடியை மறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் கம்பி இப்போது இல்லை. உடைந்த ஊர்ச் சாலையில்கூடச் சுகமாக இருப்பதாகத் தோன்றுவதற்கும் இதே காரணம்தான்.

கரடுமுரடான பாதைக்கென்றே வண்டி செய்பவர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். ஜீப் ராங்லர் ரூபிகானில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன் ராடு இரண்டாகப் பிரிந்து செயலிழக்கும். ஆனால் நான்கு சக்கர இயக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். மணிக்கு ஏறத்தாழ 29 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அதுவே மீண்டும் இணைந்துகொள்ளும். டொயோட்டா லேண்ட் குரூசர் வகைகள் சிலவற்றில் ராடின் பிடியை எண்ணெய் அழுத்தத்தால் தளர்த்தி இறுக்கும் அமைப்பு உண்டு. இவ்வளவு செலவு செய்து, கழற்றவும் வேண்டும், உடனே மாட்டவும் வேண்டும் என்று ஒரு பொறியாளர் ஏன் மெனக்கெடுகிறார்? இந்தக் கேள்வியை வகுப்பில் அப்படியே போட்டுவிட்டு ஒரு நாள் விட்டுவிட்டேன்.

கரும்பலகையில் ஒரு பிக்கப்

மறுநாள் மாணவன் டேப் எடுத்துப்போய் அப்பாவின் வண்டியை அளந்து வந்தான். இடச் சக்கரத்தின் நடுவிலிருந்து வலச் சக்கரத்தின் நடு வரை 1.4 மீட்டர். சுமையோடு எடை 2,800 கி.கி. என்றும், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.9 மீ. உயரத்தில் என்றும் நாங்களாக வைத்துக்கொண்டோம். 25 மீ. ஆரமுள்ள வளைவில், மணிக்கு 36 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 10 மீ.

மையநோக்கு முடுக்கம் வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தது: 100 ÷ 25 = 4. விசை 2,800 × 4 = 11,200 நியூட்டன். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் சுமை, இந்த விசையை உயரத்தால் பெருக்கி அகலத்தால் வகுத்தால் கிடைக்கும்: 11,200 × 0.9 ÷ 1.4 = 7,200 நியூட்டன். நேராக நிற்கும்போது ஒவ்வொரு பக்கமும் 14,000. வளைவில் வெளிப்பக்கம் 21,200, உள்பக்கம் 6,800. திருப்புத்திறன் பாடம் இங்கே உயிர் பெற்றது. கதவுக் கைப்பிடியில் இது கிடைக்காது.

இந்தக் கணக்கில் ராடு எங்கே? எங்கும் இல்லை! மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். எடை மாற்றத்தின் மொத்த அளவு எடை, உயரம், அகலம், வேகம் இவற்றைத்தான் பொறுத்தது. ராடு மொத்தத்தைக் குறைப்பதில்லை. சாய்வைக் குறைக்கிறது. அந்த மொத்தத்தில் முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று பங்கு பிரிக்கிறது. இதை ஆழமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆபத்தின் பாதி இதில் ஒளிந்திருக்கிறது. முன் ராடை மட்டும் கழற்றினால் பின் சக்கரங்களின் பங்கு கூடும். அவை முன்னதாகப் பிடி இழந்து, வண்டியின் பின்புறம் வெளியே வீசும். பின் ராடை மட்டும் கழற்றினால் மறுபக்கம்: ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். வண்டியைச் செய்தவர் இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலை பார்த்து வைத்திருக்கிறார். ஒரு ஸ்பேனரால் அதைக் கலைத்துவிடலாம்.

அடுத்து, எந்த வேகத்தில் உள்சக்கரம் தரையைவிட்டு எழும்? உள்பக்கச் சுமை பூச்சியமாகும் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தை 1.4 ÷ (2 × 0.9) ஆல் பெருக்கினால் வரும். ஏறக்குறைய 7.8. அதே வளைவில் இது மணிக்கு 50 கி.மீ. இப்போது வண்டி 8 டிகிரி சாய்கிறது என்று வைத்தோம். ஈர்ப்பு மையம் சுமார் 7 செ.மீ. வெளிப்பக்கம் நகரும். கணக்கு 7 ஆகக் குறையும். வேகம் 47 அல்லது 48. "சார், ரெண்டு மூணு கிலோமீட்டர்தானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்கள்.

அப்போதுதான் இன்னொரு மாணவி, மூட்டையை உயரமாக அடுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஈர்ப்பு மையம் 1.1 மீட்டருக்குப் போனால், சாய்வே இல்லாவிட்டாலும் வேகம் 45 கி.மீ. ஆகிவிடுகிறது. ராடைக் கழற்றியதைவிடக் கூடுதலாக இரண்டு அடுக்கு மூட்டை ஏற்றியது பெரிய தவறு என்று பலகை சொன்னது. அனக்காவூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் லாரிகளைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் அவர்கள். ஈர்ப்பு மையம் 1.8 மீ., அகலம் 1.9 மீ. என்று வைத்து அதே வளைவுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 41 கி.மீ. வந்தது. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

ஆனால் அந்த 'இரண்டு மூன்று கிலோமீட்டர்' என்பது வண்டி ஒரே வளைவில் நிதானமாகச் சாய்ந்து நிற்கும்போது மட்டும். சாலையில் விபத்து அப்படி நடப்பதில்லை. குறுக்கே மாடு வருகிறது, ஓட்டுநர் வலப்பக்கம் வெட்டுகிறார், எதிரே பேருந்து, உடனே இடப்பக்கம் வெட்டுகிறார். முதல் வெட்டில் ஒரு பக்கம் அழுந்திய ஸ்பிரிங், இரண்டாவது வெட்டின்போது சேமித்த ஆற்றலைத் திருப்பித் தருகிறது. வண்டியின் மேல்பாகம் ஊஞ்சல்போல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வீசப்படுகிறது. ராடு இல்லாவிட்டால் அந்த ஊஞ்சலின் வீச்சு பெரிது, ஸ்டியரிங்குக்கும் உடம்புக்கும் இடையே தாமதமும் அதிகம். 1997இல் சுவீடனில் ஒரு பத்திரிகை இப்படி இரட்டை வெட்டுச் சோதனை செய்தபோது அப்போது புதிதாக வந்திருந்த மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. உலகமே பேசியது. நிறுவனம் சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியையும் பொருத்தியது. இன்று நம் வண்டிகள் பலவற்றில் அந்தக் கருவி உண்டு. அதன் கணக்குகள் ராடு உள்ள வண்டிக்காகப் போடப்பட்டவை என்பதையும் கழற்றுபவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் சோதிக்கத்தான் நம் செய்யாறு அருகிலேயே மஹிந்திரா நிறுவனம் 450 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் ஒரு சோதனைத் தடம் அமைத்து 2021இல் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதிவேகத் தடத்தின் வளைவுகள் கிண்ணம்போல் சரிந்திருக்கும். கல், மேடு, பள்ளம் உள்ள நான்கு சக்கர இயக்கத் தடமும் தனியே உண்டு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'சரிவுள்ள வளைவுச் சாலை' நடத்துபவர்கள் நம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருப்பதைச் சொல்லலாமே.

மாணவனின் அப்பா ஒரு நாள் பள்ளிக்கு வந்தார். பலகைக் கணக்கைப் பையன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவர் சொன்னது எனக்கு எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தது. "ஏறும்போது நல்லாத்தான் சார் இருக்கு. லோடோட இறங்கும்போதுதான் ஒவ்வொரு வளைவுலயும் வண்டி ஆளை ஒரு பக்கம் தள்ளுது." ஏன் கழற்றினார் என்று கேட்டேன். மலைக்காக அல்ல. லிங்க்கின் புஷ் தேய்ந்து லொடலொடவென்று சத்தம். மாற்றுவதற்குப் பதிலாகப் பட்டறையில் கழற்றிப் போட்டுவிட்டார்கள். சத்தமும் போயிற்று, மலையில் சுகமாகவும் இருந்தது. மூன்றாவது வாரம் புதிய லிங்க்கும் புஷ்ஷும் வாங்கி ராடைத் திரும்ப மாட்டிவிட்டார். மலைப்பாதையின் கடைசி மோசமான பகுதியில் மட்டும் முன் லிங்க்கைக் கழற்றி, திரும்பும்போது மாட்டுவதாகச் சொன்னார். அது முறையான வழிதான், இரண்டு நிபந்தனைகளோடு: தொங்கும் கம்பியை டயரிலும் பிரேக் ஹோஸிலும் உரசாதபடி மேலே கட்ட வேண்டும், தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் மாட்ட வேண்டும். சோர்வோடு இருட்டில் திரும்புபவர் இரண்டாவதை மறப்பார் என்பது என் கவலை. பின் சக்கர டிஃபரன்ஷியல் லாக் உள்ள வண்டியாக இருந்தால் கழற்றும் அவசியமே பெரும்பாலும் வராது.

சட்டத்தையும் மேல்நிலை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தது. பள்ளி வேனில் புஷ் சத்தத்துக்காக ராடைக் கழற்றியிருக்கிறார்களா என்று குனிந்து பார்க்க நமக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. முன் சக்கரங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி இருந்து, அதன் முனையில் லிங்க் இல்லாமல் வெற்று ஓட்டை தெரிந்தால், ஓட்டுநரிடம் கேட்கலாம்.

வகுப்பில் செய்து பார்க்க

30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமுள்ள பலகை ஒன்று. அடியில் முன்னும் பின்னும் அச்சுபோல் இரண்டு மரச் சட்டங்கள். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே நான்கு மூலையிலும் மெத்தைக் கடைப் பஞ்சுத் துண்டுகள். அவைதான் ஸ்பிரிங். சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை 'ப' வடிவில் வளைத்து, நடுப்பகுதியில் இரண்டு வால்வு டியூப் துண்டுகளைக் கோத்து, அந்த இடங்களில் பலகையின் அடியில் ஆணியால் பிடிக்கவும். கம்பி சுழல வேண்டும், நழுவக் கூடாது. முனைகளை முன் சட்டத்தின் இரு கோடிகளோடு சிறு கம்பி வளையத்தால் இணைக்கவும். நூலால் கட்டினால் இழுக்கும், தள்ளாது. அதனால் கம்பிதான் வேண்டும்.

பலகையின் ஓர் ஓரத்தில் எடைக்கல்லை வைத்து, ஊசல் குண்டும் பாகைமானியும் கொண்டு சாய்வை அளக்கவும். வளையத்தைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கவும். இது சாலை. அடுத்து மலை: முன் சட்டத்தின் வலக் கோடிக்கு அடியில் கரும்பலகை அழிப்பானைச் செருகவும். இடக் கோடிக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து மெல்ல இழுக்கவும். ராடு இணைந்திருக்கும்போது காகிதம் எளிதாக வந்துவிடும். கழற்றியபின் கொஞ்சம் பிடிக்கும். அந்தப் பிடிதான் ஜமுனாமரத்தூர்ப் பாதையில் டயருக்குக் கிடைப்பது. பதினொன்றாம் வகுப்பினர் மெல்லிய போக்ஸ், தடித்த கம்பி என மாற்றிப் பார்க்கலாம். முறுக்கத்துக்கான எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும்: 25 மி.மீ. ராடை 30 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

தொடக்க வகுப்புகளில் கணக்கு வேண்டாம். இரண்டு பிள்ளைகள் தோளில் கை போட்டுச் சேர்ந்து நடக்கட்டும். ஒருவர் மட்டும் படியில் ஏறினால் மற்றவருக்கு என்ன ஆகிறது? கையை எடுத்துவிட்டால்? மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இதிலேயே இரண்டு பதில்களையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

உண்மையான ராடு ஒன்றைக் கையில் தூக்கிப் பார்க்க விரும்பினால் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். கழற்றிப் போட்டவை நிறையவே கிடைக்கும். எங்கள் ஆய்வகத்தில் ஒன்று சாய்த்து வைத்திருக்கிறோம். அதைச் சுற்றி நின்றபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், ஆட்டோவுக்கு முன்னாடி ஒரே சக்கரம்தானே? அதுல ராடை எங்க மாட்டுவாங்க?" அடுத்த வாரச் செயல்பாடாக அந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.